ஐரோப்பாவில் சட்டங்கள் மோதும்போது யார் சொல்வது நிற்கும்?

கேள்வி இதுதான்: "ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் ஓர் உறுப்பு நாட்டின் சட்டமும் முரண்பட்டால் எது செல்லும்? ஒன்றியச் சட்டமே பெரியது என்றால், ஜெர்மனியின் நீதிமன்றமும் போலந்தின் நீதிமன்றமும் 'ஏற்க முடியாது' என்று எப்படித் தீர்ப்புச் சொல்ல முடிந்தது? இருவரும் செய்தது ஒன்றுதானா?"

நாடாளுமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டம் ஒன்றியச் சட்டத்தோடு மோதினால் ஒன்றியச் சட்டம்தான் செல்லும். இதில் இன்று பெரிய தகராறு எதுவும் இல்லை. மோதுவது நாட்டின் அரசமைப்புச் சட்டமாக இருந்தால்தான் வில்லங்கம். லக்சம்பர்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அப்போதும் தன் சட்டமே மேல் என்கிறது. உறுப்பு நாடுகளின் உச்ச, அரசமைப்பு நீதிமன்றங்களில் பல இதை நிபந்தனையோடுதான் ஏற்கின்றன. இந்த இழுபறிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. ஜெர்மனியும் போலந்தும் செய்தது ஒன்றுதானா என்றால், இல்லை, அறவே இல்லை. ஏன் என்று விளங்க, இந்த முதன்மை எங்கிருந்து வந்தது, யார் கையில் அது இயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்திய அரசமைப்பைப் படித்தவர்கள் பிரிவு 254-ஐ நினைத்துக்கொள்வார்கள். பொதுப்பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தில் மாநிலச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டமும் முரண்பட்டால் எது செல்லும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றிருந்தால் என்ன விதிவிலக்கு என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். இன்றைய ஒன்றியத்துக்கு அடித்தளமாக 1957-இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட ரோம் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. இன்றைய ஒப்பந்தங்களின் பிரிவுகளிலும் இல்லை. ஒன்றியச் சட்டத்தின் முதன்மை என்பது முழுக்க முழுக்க நீதிபதிகள் தீர்ப்பு வழியாக உருவாக்கிய விதி. அது உருவானதும் ஒரு மின் கட்டணத் தகராறில்தான்.

1962 டிசம்பரில் இத்தாலி தன் மின்சார நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கி, எனெல் என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. மிலான் நகர வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்டா, அப்படி நாட்டுடைமையான எடிசன்வோல்டா நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர். எனெல் அனுப்பிய 1,925 லிரா பில்லைக் கட்ட மாட்டேன் என்றார். தொகை சின்னது. அதனால் வழக்கு மிலானில் சில்லறைத் தகராறுகளை விசாரிக்கும் சமரச நீதிபதியிடம் போனது. இத்தாலிய நீதித்துறையின் அடிமட்டப் படி அது. நாட்டுடைமைச் சட்டம் ரோம் ஒப்பந்தத்துக்கு முரணானது என்பது கோஸ்டாவின் வாதம். அந்த நீதிபதி இரண்டு இடங்களுக்குக் கேள்வி அனுப்பினார். ஒன்று இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றத்துக்கு, இன்னொன்று லக்சம்பர்குக்கு.

முதலில் பதில் வந்தது இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றத்திலிருந்து, 1964 மார்ச்சில். ஒப்பந்தத்தை இத்தாலி ஏற்றது ஒரு சாதாரணச் சட்டத்தின் மூலம். 1962-இன் சட்டமும் சாதாரணச் சட்டம்தான். இரண்டும் சமம் என்றால் பிந்தையது முந்தையதை வெல்லும் என்றது. சட்டம் படிக்கும் எந்த மாணவரும் எழுதக்கூடிய பதில் அது, குறையும் சொல்ல முடியாது. இத்தாலிய அரசு இதே தெம்பில் லக்சம்பர்கில் போய் நின்று, உள்நாட்டுச் சட்டத்தைப் பின்பற்றக் கடமைப்பட்ட ஒரு நீதிபதி உங்களிடம் கேள்வி கேட்பதே செல்லாது என்று வாதிட்டது.

1964 ஜூலை 15-இல் லக்சம்பர்க் தீர்ப்புச் சொன்னது. உறுப்பு நாடுகள் தங்கள் இறையாண்மையின் ஒரு பகுதியைத் தாங்களே வரையறுத்துக் கொடுத்து ஒரு புதிய சட்ட ஒழுங்கை உருவாக்கியிருக்கின்றன. ஒவ்வொரு நாடும் பின்னால் ஒரு சட்டம் போட்டு அதை மாற்றிக்கொள்ளலாம் என்றால், ஒரே சட்டம் ஆறு நாட்டில் ஆறு விதமாகிவிடும், ஒப்பந்தத்துக்கே பொருள் இருக்காது. ஆகவே எப்பேர்ப்பட்ட உள்நாட்டுச் சட்டமும் இதை மீற முடியாது. இதற்கு முந்தைய ஆண்டுதான், நெதர்லாந்தின் வான் கெண்ட் என் லோஸ் நிறுவனம் ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்த ரசாயனத்துக்குச் சுங்கவரி 3 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக உயர்ந்த வழக்கில், ஒப்பந்தம் அரசுகளுக்கு இடையிலானது மட்டுமல்ல, தனி மனிதரும் நிறுவனமும் தம் நாட்டு நீதிமன்றத்திலேயே அதைக் காட்டி உரிமை கேட்கலாம் என்று இதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளின் மேல்தான் மற்றதெல்லாம் நிற்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. லக்சம்பர்க் நீதிமன்றம் ஏதோ எல்லா நாட்டுக்கும் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம், அது உள்நாட்டுச் சட்டத்தை ரத்து செய்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த அதிகாரம் அதற்குக் கிடையாது. பெர்லினில் தோற்றவர் லக்சம்பர்குக்கு அப்பீல் போக முடியாது. நடப்பது வேறு. இப்போதைய ஒப்பந்தத்தின் 267-ஆவது பிரிவின்படி, எந்த உள்ளூர் நீதிபதியும் தன் முன் உள்ள வழக்கை நிறுத்திவைத்து, 'ஒன்றியச் சட்டத்தின் இந்தப் பகுதிக்கு என்ன பொருள்' என்று லக்சம்பர்கிடம் விளக்கம் கேட்கலாம். பதில் வந்ததும் வழக்கைத் தீர்ப்பது அதே உள்ளூர் நீதிபதிதான். முரண்படும் உள்நாட்டுச் சட்டத்தை அந்த வழக்கில் ஒதுக்கிவைப்பதும் அவர்தான். லக்சம்பர்கிடம் போலீஸ் இல்லை, அமீனா இல்லை. அதன் சொல் செல்லுபடியாவது ஊர் ஊராக இருக்கும் நீதிபதிகள் அதைக் கேட்பதால் மட்டுமே.

சிம்மெந்தால் வழக்கை ஒருமுறை படித்தால் இது இன்னும் தெளிவாகும். 1973-இல் அந்த நிறுவனம் பிரான்ஸிலிருந்து இத்தாலிக்கு மாட்டிறைச்சி கொண்டுவந்தது. எல்லையில் சுகாதாரப் பரிசோதனைக் கட்டணம் என்று 581,480 லிரா வசூலித்தார்கள். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் சூசா என்ற சிற்றூரின் நீதிபதி, லக்சம்பர்கிடம் கேட்டு, இந்தக் கட்டணம் ஒப்பந்தத்துக்கு எதிரானது என்று தெரிந்துகொண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வரித்துறை விடவில்லை. உள்நாட்டுச் சட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்றால் அதை ரத்து செய்ய வேண்டியது அரசமைப்பு நீதிமன்றம். அதுவரை கீழ் நீதிபதி அந்தச் சட்டப்படிதான் நடக்க வேண்டும் என்றது. இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றத்தின் நிலையும் அப்போது அதுதான். சூசா நீதிபதி மறுபடியும் லக்சம்பர்கிடம் கேட்டார். 1978 மார்ச் 9-இல் வந்த பதில்: காத்திருக்க வேண்டாம், எந்த நிலையில் இருக்கும் நீதிபதியும் முரண்படும் சட்டத்தைத் தானே ஒதுக்கிவைக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், அதுவரை அரசமைப்பு நீதிமன்றத்திடம் மட்டுமே இருந்த ஓர் அதிகாரம், நாட்டின் எல்லா மூலைகளிலும் இருக்கும் நீதிபதிகள் கைக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொள்ள 1984 வரை ஆனது. ஏற்றபோதும் ஒரு கதவைத் திறந்தே வைத்தது: நம் அரசமைப்பின் அடிப்படைக் கொள்கைகளையும் மனிதரின் மாற்ற முடியாத உரிமைகளையும் தொட்டால் நாங்கள் தலையிடுவோம் என்றது.

பிரிட்டனில் இதே விதி ஒரு பூகம்பத்தையே உண்டாக்கியது. ஸ்பானிய மீனவர்கள் தங்கள் படகுகளைப் பிரிட்டனில் பதிவு செய்து பிரிட்டனின் மீன்பிடி ஒதுக்கீட்டில் பங்கு எடுக்கிறார்கள் என்று, உரிமையாளர்களில் 75 சதவீதம் பிரிட்டிஷ்காரராக இருக்க வேண்டும் என 1988-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஃபாக்டர்டேம் வழக்கு அதிலிருந்து வந்தது. நாடாளுமன்றச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் தொட முடியாது என்பது அந்த நாட்டின் உயிர்நாடியான கோட்பாடு. 1990-இல் லக்சம்பர்கின் விளக்கத்துக்குப் பிறகு, அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையின் நீதிபதிகளே அந்தச் சட்டத்தை அமல்படுத்தாமல் தடுத்து உத்தரவிட்டார்கள். பிரிட்டன் 2020-இல் ஒன்றியத்தை விட்டே போனதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த மனக்குறையின் வேர்களில் ஒன்று இந்த வழக்கில் இருக்கிறது.

இனி ஜெர்மனி. உறுப்பு நாடுகளின் எதிர்ப்பு வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல என்பது இங்கேதான் நன்றாகப் புரியும். ஹிட்லர் ஆட்சிக்குப் பிறகு 1949-இல் எழுதப்பட்ட அடிப்படைச் சட்டம், மனித மாண்பு மீறப்படக் கூடாதது என்று தொடங்குகிறது. அதன் 79-ஆவது பிரிவு, சில அடிப்படைகளை நாடாளுமன்றம் எவ்வளவு பெரும்பான்மை இருந்தாலும் திருத்தவே முடியாது என்கிறது. (1973-இல் நம் உச்ச நீதிமன்றம் கேசவானந்த பாரதி வழக்கில் சொன்ன அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டுக்கும் இதற்கும் நேர் உறவு உண்டு, ஜெர்மன் அறிஞர் டீட்ரிஷ் கான்ராட் இந்தச் சிந்தனையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்.) கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் இந்த உரிமைகளுக்குக் காவல். எங்கள் நாடாளுமன்றமே தொட முடியாத ஒன்றை, அந்த நாடாளுமன்றம் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் எப்படித் தொட முடியும் என்று அது கேட்டால், தட்டிக்கழிக்க முடியாத கேள்வி அது.

அந்தக் கேள்வி மக்காச்சோள மாவில் எழுந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த ஓர் ஏற்றுமதி நிறுவனம், 1967-இல் 20,000 டன் மாவு ஏற்றுமதி செய்ய உரிமம் வாங்கியது. அதற்கு வைப்புத்தொகை கட்ட வேண்டும். சொன்ன அளவு ஏற்றுமதி செய்யாவிட்டால் தொகை பறிபோகும். முழு அளவு போகவில்லை, சுமார் 17,000 மார்க் போனது. இந்த விதி எங்கள் அரசமைப்பு தரும் தொழில் உரிமைக்கு எதிரானது என்றது நிறுவனம். லக்சம்பர்க் 1970-இல், ஒன்றியச் சட்டத்தை நாட்டு அரசமைப்பைக் கொண்டு அளக்கவே முடியாது, ஆனால் அடிப்படை உரிமைகளை நாங்களும் எங்கள் சட்டத்தின் பகுதியாகக் காப்போம் என்றது. கார்ல்ஸ்ரூவுக்கு அந்த வாக்குறுதி போதவில்லை. ஐரோப்பாவிடம் எங்களுடையதற்கு இணையான உரிமைப் பட்டியல் ஒன்று இல்லாதவரை ஒன்றியச் சட்டத்தை நாங்கள் பரிசோதிப்போம் என்று 1974-இல் சொன்னது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1986-இல், லக்சம்பர்க் உரிமைகளைப் போதிய அளவு காக்கும்வரை நாங்கள் பரிசோதிக்க மாட்டோம் என்று நிபந்தனையைத் திருப்பிப் போட்டது. இடைப்பட்ட காலத்தில் லக்சம்பர்க் உரிமைகள் பற்றிய தன் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக வளர்த்திருந்தது. கார்ல்ஸ்ரூவின் மிரட்டல் இல்லாமல் அது அவ்வளவு வேகமாக நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எதிர்ப்பு ஒன்றியத்தைப் பலவீனப்படுத்தியது என்று சொல்பவர்கள் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் படிக்க வேண்டும்.

எதிர்ப்பக்க உதாரணமும் ஜெர்மனியிலேயே இருக்கிறது. பெண்கள் ஆயுதம் ஏந்தும் பணியில் சேரக் கூடாது என்று அடிப்படைச் சட்டமே தடுத்திருந்தது. மின்னணுவியல் படித்த தான்யா கிரைல், ராணுவத்தில் ஆயுதங்களின் மின்னணுப் பராமரிப்புப் பிரிவுக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டார். 2000 ஜனவரியில் லக்சம்பர்க், வேலையில் ஆண் பெண் சமத்துவம் பற்றிய ஒன்றிய விதிக்கு இது எதிரானது என்றது. ஜெர்மனி என்ன செய்தது தெரியுமா? அதே ஆண்டில் தன் அரசமைப்பையே திருத்தியது. அரசமைப்புக்கும் மேலா என்ற கேள்விக்கு நடைமுறை சொன்ன பதில் அது.

ஆனால் கார்ல்ஸ்ரூ தன் கோட்டை அழிக்கவில்லை. 1993-இல், ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் பற்றிய தீர்ப்பில், ஒன்றியத்துக்கு நாங்கள் கொடுத்த அதிகாரம் எவ்வளவோ அவ்வளவுதான். அதைத் தாண்டி அது செய்வது ஜெர்மனியைக் கட்டுப்படுத்தாது, தாண்டியதா என்று பார்ப்பது நாங்கள் என்றது. 2009-இல், அந்த ஏற்பாட்டைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம் பற்றிய தீர்ப்பில், குற்றவியல், ராணுவம், வரவு செலவுத் திட்டம், சமூகநலம் போன்றவை ஜெர்மன் மக்கள் தாமே தீர்மானிக்க வேண்டியவை என்று 'அரசமைப்பு அடையாளத்துக்கு', அதாவது ஒன்றியம் தொடக் கூடாத அரசமைப்பின் மையத்துக்கு, வரையறை கொடுத்தது. 2010-இல் கொஞ்சம் இறங்கி வந்து, மீறல் வெளிப்படையாகவும் பெரிதாகவும் இருந்தால் மட்டுமே, அதுவும் முதலில் லக்சம்பர்கிடம் கேட்டுவிட்டுத்தான் இந்த ஆயுதத்தை எடுப்போம் என்று தனக்குத்தானே நிபந்தனை போட்டுக்கொண்டது.

அந்த ஆயுதத்தை அது உண்மையிலேயே எடுத்தது 2020 மே 5-ஆம் தேதி. ஐரோப்பிய மத்திய வங்கி 2015 மார்ச் முதல் அரசுக் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்தது, 2 லட்சம் கோடி யூரோவுக்கு மேல். இது பணக் கொள்கை அல்ல, பொருளாதாரக் கொள்கை, வங்கிக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சிலர் வழக்குத் தொடுத்தார்கள். கார்ல்ஸ்ரூ முறைப்படி லக்சம்பர்கிடம் கேட்டது. 2018 டிசம்பரில் லக்சம்பர்க் எல்லாம் சரி என்றது. ஏழுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கார்ல்ஸ்ரூ அந்தப் பதிலையே நிராகரித்தது: சேமிப்பவர், வாடகைக்கு இருப்பவர், ஓய்வூதியக்காரர் மீது இந்தத் திட்டத்தின் விளைவு என்ன, அது நோக்கத்துக்குத் தகுந்த அளவுதானா என்று லக்சம்பர்க் பார்க்கவே இல்லை, எந்த வகையிலும் புரிந்துகொள்ள முடியாத தீர்ப்பு அது, அதிகார வரம்பை மீறியது, ஆகவே எங்களைக் கட்டுப்படுத்தாது. மத்திய வங்கி மூன்று மாதத்தில் காரணம் காட்டாவிட்டால் ஜெர்மனியின் மத்திய வங்கியான பூண்டஸ்பாங்க் இதில் பங்கேற்கக் கூடாது.

இந்தத் தீர்ப்பு தவறானது என்பதே என் கருத்து. மத்திய வங்கி தன் முடிவுகளை விளக்க வேண்டும் என்பது நியாயம். அதற்காக இன்னொரு நீதிமன்றத்தின் தர்க்கத்தை 'புரியவே இல்லை' என்று தள்ளியது அளவுக்கு மீறியது. தான் 2010-இல் போட்டுக்கொண்ட நிபந்தனைக்கே அது பொருந்தவில்லை. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். மத்திய வங்கி தன் ஆவணங்களைப் பூண்டஸ்பாங்க் வழியாக ஜெர்மன் அரசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொடுத்தது. ஜூலை தொடக்கத்தில் நாடாளுமன்றம், விளக்கம் போதும் என்று தீர்மானம் போட்டது. பூண்டஸ்பாங்க் பத்திரம் வாங்குவது ஒருநாளும் நிற்கவில்லை. 2021-இல் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஜெர்மனி மீது விதிமீறல் நடவடிக்கை தொடங்கியது; ஒன்றியச் சட்டத்தின் முதன்மையை மதிப்போம் என்று ஜெர்மன் அரசு எழுத்தில் உறுதி தந்ததும் அதே டிசம்பரில் முடித்துக்கொண்டது. ஒரு ஜெர்மன் நீதிபதியின் வேலைக்கும் ஆபத்து வரவில்லை. லக்சம்பர்கிடம் கேள்வி கேட்கும் உரிமையை ஒருவரும் இழக்கவில்லை.

அந்த மே மாதத்திலேயே போலந்துப் பிரதமர் மத்தேயுஷ் மொராவியெட்ஸ்கி, ஒன்றியத்தின் வரலாற்றில் மிக முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று என்று கார்ல்ஸ்ரூவைப் பாராட்டினார். அந்தப் பாராட்டுக்குப் பின்னால் ஐந்து ஆண்டுக் கதை இருக்கிறது. 2015 இறுதியில் ஆட்சிக்கு வந்த சட்டமும் நீதியும் கட்சி, முந்தைய நாடாளுமன்றம் முறையாகத் தேர்ந்தெடுத்த மூன்று அரசமைப்பு நீதிபதிகளைப் பதவியேற்க விடாமல், அந்த இடங்களில் தன் ஆட்களை வைத்தது. பிறகு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மன்றத்தின் உறுப்பினர்களை நாடாளுமன்றமே நியமிக்கும்படி மாற்றியது. உச்ச நீதிமன்றத்துக்குள் ஓர் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவைப் புதிதாக உண்டாக்கியது. 2019 நவம்பரில் லக்சம்பர்க், புதிய முறையில் நியமிக்கப்பட்டவர்கள் சுதந்திரமானவர்களா என்று போலந்து நீதிபதிகள் பரிசோதிக்கலாம் என்றது. ஓல்ஷ்டின் நகர நீதிபதி பவெல் யூஷ்சிஷின் அதையே செய்தார்: புதிய மன்றத்துக்கு ஆட்களை முன்மொழிந்தவர்கள் யார் என்று பட்டியலைக் கேட்டு உத்தரவிட்டார். 2020 பிப்ரவரியில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு அவரைப் பணியிடை நீக்கம் செய்து, சம்பளத்தில் 40 சதவீதத்தையும் வெட்டியது. இன்னொரு நீதிபதியின் நியமனத்தைக் கேள்வி கேட்பதே ஒழுங்கீனம் என்று ஒரு சட்டமும் வந்தது. அந்த ஜனவரியில் வார்சாவின் தெருவில் நீதிபதிகள் தங்கள் அங்கிகளோடு நடந்தார்கள். பல ஐரோப்பிய நாட்டு நீதிபதிகளும் வந்து அவர்களோடு நடந்தார்கள். நீதிபதிகள் தெருவில் இறங்குவது எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் கனம் தெரியும்.

இந்தப் பின்னணியில்தான் 2021 அக்டோபர் 7 தீர்ப்பை வாசிக்க வேண்டும். வழக்கைக் கொண்டுவந்தவர் பிரதமரே. ஒன்றிய ஒப்பந்தத்தின் முதல் பிரிவும் 19-ஆவது பிரிவும், லக்சம்பர்க் விளக்குகிற பொருளில், போலந்தின் அரசமைப்புக்கு முரண் என்றது அரசமைப்புத் தீர்ப்பாயம். இரண்டு நீதிபதிகள் மட்டும் மாறுபட்டார்கள். 19-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ஒன்றியச் சட்டம் தொடுகிற விஷயங்களில் குடிமக்களுக்குப் பயனுள்ள நீதிப் பாதுகாப்பை நாடுகள் தர வேண்டும் என்கிறது. சுதந்திரமான நீதிமன்றம் வேண்டும் என்ற லக்சம்பர்கின் தீர்ப்புகளெல்லாம் இதன் மேல்தான் எழுந்தன.

ஜெர்மனி நிராகரித்தது ஒரு குறிப்பிட்ட திட்டத்தைப் பற்றிய ஒரு குறிப்பிட்ட தீர்ப்பை. போலந்து நிராகரித்தது நீதிமன்றங்கள் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற அடிப்படையையே. கார்ல்ஸ்ரூ தீர்ப்புச் சொன்னது தன் அரசின் விருப்பத்துக்கு எதிராக. அந்த அரசுக்குப் பெரிய தலைவலியைக் கொடுத்தது. வார்சா தீர்ப்புச் சொன்னது தன் அரசு கேட்டதற்கிணங்க. அந்தத் தீர்ப்பாயத்தில் முறைகேடாக நியமிக்கப்பட்டவர் அமர்ந்த அமர்வு சட்டப்படி அமைந்த நீதிமன்றமே அல்ல என்று, ஸெரோ ஃபுளோர் வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்கின் மனித உரிமை நீதிமன்றம் 2021 மே மாதத்திலேயே சொல்லியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கார்ல்ஸ்ரூவின் தீர்ப்பு கீழ் நீதிபதிகளைத் தொடவில்லை. போலந்தில் குறி வைக்கப்பட்டதே அவர்களைத்தான். மிலானின் சமரச நீதிபதிக்கும் சூசா நீதிபதிக்கும் இருந்த அந்த உரிமையை, கேள்வி கேட்டு, பதிலின்படி தீர்ப்பளிக்கும் உரிமையை, பறித்துவிட்டால் ஒன்றியச் சட்டம் அந்த நாட்டில் காகிதத்தில்தான் இருக்கும். இரண்டு தீர்ப்புகளிலும் 'அதிகார வரம்பு', 'இறையாண்மை' என்ற அதே சொற்கள் வருவதால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்கள், நீதிமன்றம் சொன்னதை மட்டும் படிக்கிறார்கள். சொன்னவர் யார் என்று பார்ப்பதில்லை.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள் வார்சாவில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அந்த மாதக் கடைசியில், ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவை நிறுத்தச் சொன்ன இடைக்கால உத்தரவை மதிக்காததற்காக லக்சம்பர்க் நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. போலந்து கட்டவில்லை, ஆணையம் அதற்குச் சேர வேண்டிய நிதியிலிருந்து பிடித்துக்கொண்டது. 2022-இல் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது, யூஷ்சிஷின் பணிக்குத் திரும்பினார்.

மற்ற மோதல்கள் பல இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்கத் தேவையில்லை. செக் அரசமைப்பு நீதிமன்றம்தான் முதன்முதலில், 2012-இல், லக்சம்பர்கின் ஒரு தீர்ப்பை வரம்பு மீறியது என்று அறிவித்தது. செக்கோஸ்லோவாகியா பிரிந்தபின் யாருக்கு எந்த நாடு ஓய்வூதியம் தருவது என்ற வழக்கு அது. உள்ளே பார்த்தால் அந்த நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்கும் அரசமைப்பு நீதிமன்றத்துக்கும் இடையிலான பழைய சண்டை. முன்னது லக்சம்பர்கைத் துணைக்கு அழைத்தது. டென்மார்க் உச்ச நீதிமன்றம் 2016-இல், வயது காரணமாகப் பாகுபாடு கூடாது என்ற எழுதப்படாத ஒன்றியக் கொள்கையைத் தனியார் இடையிலான வழக்கில் பயன்படுத்த எங்கள் நாடு ஒன்றியத்தில் சேர இயற்றிய சட்டம் இடம் தரவில்லை என்று மறுத்தது. ருமேனியா கதை போலந்துக்கு அருகில் வருகிறது. அதன் அரசமைப்பு நீதிமன்றம் கீழ் நீதிபதிகளைத் தடுக்க முயன்றபோது, ஒன்றியச் சட்டத்தைப் பின்பற்றியதற்காக எந்த நீதிபதியையும் தண்டிக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் லக்சம்பர்க் உறுதியாகச் சொன்னது.

என் பார்வையில் மிகச் சிறந்த முன்மாதிரி இத்தாலியின் டாரிக்கோ வழக்கு. மதிப்புக் கூட்டு வரி மோசடி வழக்குகள் இத்தாலியில் காலவரம்பு முடிந்து ஆவியாகிக்கொண்டிருந்தன. ஒன்றியத்தின் நிதிக்கு இது பெரிய இழப்பு என்றால் அந்தக் காலவரம்பு விதியை ஒதுக்கிவையுங்கள் என்று 2015-இல் லக்சம்பர்க் சொன்னது. குற்றம் செய்த நாளில் இல்லாத கடுமையைப் பின்னால் கொண்டுவந்து ஒருவரைத் தண்டிப்பது எங்கள் அரசமைப்புக்கு ஒவ்வாது என்பது இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றத்தின் கவலை. அது முகத்தில் அடித்தாற்போல மறுக்கவில்லை. 2017-இல் தன் காரணங்களை விரிவாக எழுதி, நீங்கள் உண்மையிலேயே இதைத்தான் சொன்னீர்களா என்று மறுபடி கேட்டது. அதே டிசம்பரில் லக்சம்பர்க், குற்றமும் தண்டனையும் சட்டத்தில் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும் என்ற கொள்கை மீறப்படுமானால் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்று இறங்கி வந்தது. கார்ல்ஸ்ரூவும் 2020-இல் இப்படி இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செய்திகளில் அடிக்கடி கலந்துவிடுகிறார்கள். ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒன்றியத்தைச் சேர்ந்தது அல்ல. ஐரோப்பியக் கவுன்சில் என்ற வேறு அமைப்பைச் சேர்ந்தது. ஒன்றியத்தை விட்டுப் போன பிரிட்டன் இன்னும் அதில் இருக்கிறது. சிறைக் கைதிகள் எல்லோருக்கும் வாக்குரிமை மறுத்தது தவறு என்று 2005-இல் அது பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரிட்டன் பன்னிரண்டு ஆண்டு இழுத்தடித்து, சிறிய நிர்வாக மாற்றத்தோடு முடித்துக்கொண்டது. அங்கே உள்ளூர் நீதிபதி உள்நாட்டுச் சட்டத்தைத் தானே ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற விதி இல்லை. அதனால்தான் அரசு நினைத்தால் இழுத்தடிக்க முடிகிறது.

பிரிவு 254 போல ஒரு வரி எழுதிவிட்டால் எல்லாம் தீராதா என்று தோன்றலாம். எழுதிப் பார்த்தார்கள். ஐரோப்பாவுக்கு ஓர் அரசமைப்பு என்று தயாரித்த ஒப்பந்தத்தில் முதன்மையை வெளிப்படையாகப் பிரிவாகவே சேர்த்தார்கள். 2005-இல் பிரான்ஸும் நெதர்லாந்தும் பொதுவாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தன. லிஸ்பன் ஒப்பந்தத்தில் அது ஒப்பந்தத்தோடு இணைந்த 17-ஆவது அறிவிப்பாக மட்டும் ஒதுங்கியது. அது திருத்திய ஒன்றிய ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவோ, உறுப்பு நாடுகளின் அரசமைப்பில் ஊன்றிய தேசிய அடையாளத்தை ஒன்றியம் மதிக்க வேண்டும் என்கிறது. எழுதியவர்கள் இரண்டு பக்கமும் பிடிமானம் விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இறுதி அதிகாரத்தை ஒரே இடத்தில் முடிந்து வைத்திருந்தால், 1974-க்கும் 1986-க்கும் இடையில் நடந்தது நடந்திருக்காது. டாரிக்கோவில் லக்சம்பர்க் இறங்கி வந்திருக்காது.

ஆனால் இந்த ஏற்பாடு இரண்டு பக்கமும் உண்மையான நீதிமன்றங்கள் இருந்தால்தான் ஓடும். போலந்தில் 2023 டிசம்பரில் ஆட்சி மாறி டொனால்ட் டஸ்க் பிரதமரானார். நீதித்துறைத் தகராறில் ஒன்றியம் முடக்கிவைத்திருந்த நிதி விடுவிக்கப்பட்டது. அரசமைப்புத் தீர்ப்பாயத்தின் முடிவுகளைப் புதிய அரசு அரசிதழில் வெளியிடுவதில்லை. ஆயினும் மாற்றப்பட்ட மன்றத்தின் பரிந்துரையில் நியமனமான நீதிபதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த விவாகரத்து, சொத்து, கடன் தீர்ப்புகளை நம்பி மக்கள் தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரையும் நீக்கினால் அந்தத் தீர்ப்புகள் என்னாகும்? வைத்துக்கொண்டால் முறைகேட்டுக்கு முத்திரை குத்தியதாகாதா? லக்சம்பர்க் சொன்னதை இப்போது அமல்படுத்த விரும்பும் அரசே இருந்தும், சீர்திருத்தச் சட்டங்கள் குடியரசுத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் நிற்கின்றன. கெடுக்க ஐந்து ஆண்டு போதுமாக இருந்தது. சரிசெய்யும் வேலையில் போலந்தின் நீதிபதிகள் இன்னும் ஒவ்வொரு வழக்காக, நியமனத்தில் பழுது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.